எஞ்சின் மூடியைக் கழற்றலாமா?

கேள்வி: என்னிடம் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் வி8 இருக்கிறது. எஞ்சின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் சூடு குறையுமா?

பதில்: சூட்டுக்காக வேண்டாம். எஞ்சினைக் குளிர்விப்பது ரேடியேட்டரும் கூலன்ட்டும்தான். மூடியால் பெரிய வித்தியாசம் வராது. மூடியின் அடியில் நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருந்தால், அது சத்தத்தை அடக்க வைத்தது. 2018 மாடலிலிருந்து இந்த எஞ்சினில் நேரடி இன்ஜெக்‌ஷனும் உண்டு. அதன் ‘டிக் டிக்’ ஓசை கழற்றியதும் கூடுதலாகக் கேட்கும்.

வி8-ஐக் கண்ணாரப் பார்க்க ஆசையா? அந்த ஆசை எனக்கும் உண்டு, தாராளமாகக் கழற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் பிடிமானம் உடைந்துவிடும். கழற்றிய மூடியைத் தூக்கிப் போடாதீர்கள்; காரை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.