படத்தைப் போடு, பதில் வரும்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் நீ எடுக்கும் பூச்சிப் படங்களை இப்போதெல்லாம் யாருக்கும் காட்டுவதில்லை என்று உன் அம்மா சொன்னாள். ஏதோ ஒரு குழுவில் பெயர் கேட்டதற்கு, "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் எழுதிவிட்டாராம். அந்த ஒருவருக்காக நீ கதவைச் சாத்திக்கொண்டால், உனக்காகக் காத்திருக்கும் நல்லவர்களையும் வெளியே நிறுத்திவிடுவாய். நம் சிலாங்கூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேள்.

2011 மே மாதம், சிலாங்கூர் மாநிலப் பூங்காவில் குவெக் ஹாக் பிங் என்ற மலேசியர் ஒரு பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் படம் பிடித்தார். இறக்கையின் அடிப்பகுதியில் கறுப்பு வலைப்பின்னலும் நீலத் திட்டுகளும் இருந்தன. அவர் பூச்சியியல் படித்தவர் அல்லர். படம் எடுப்பதில் ஆசை கொண்டவர். வழக்கம்போலப் படத்தை ஃபிளிக்கரில் போட்டார். கலிபோர்னியாவில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த ஷான் விண்டர்டன் தற்செயலாக அதைப் பார்த்தார். எந்த இனம் என்று அவருக்கே பிடிபடவில்லை. தெரிந்த நிபுணர்களிடம் காட்டினார், அவர்களும் கைவிரித்தார்கள்.

விண்டர்டன் குவெக்குக்கு எழுதி, பூச்சி கைவசம் இருக்கிறதா என்று கேட்டார். அது எப்போதோ பறந்து போயிருந்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அதே இடத்தில் குவெக்கின் கண்ணில் இன்னொன்று பட்டது. பிடித்துப் பத்திரப்படுத்தினார். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டீபன் புரூக்ஸ் அதைப் பார்த்து, அறிவியலுக்குப் புதிய இனம் என்று உறுதிசெய்தார். 2012 ஆகஸ்டில் ஸூகீஸ் என்ற ஆய்விதழில் கட்டுரை வந்தது. விண்டர்டனின் மகள் ஜேட் பெயரால், பூச்சி 'செமாக்ரைசா ஜேட்' ஆனது.

இதில் என் மனத்தைத் தொடுவது கண்டுபிடிப்பைவிட நடந்துகொண்ட விதம். துறையில் பெயர் பெற்றவர் "எனக்குத் தெரியவில்லை" என்று முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்புக்கொண்டார். கட்டுரை வந்தபோது குவெக்கை நன்றி வரியில் ஒதுக்கிவிடாமல் ஆசிரியர்களில் ஒருவராகவே சேர்த்தார்கள். இப்படிப்பட்டவர்கள் இணையத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீ தேட வேண்டியது அவர்களைத்தான்.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலிருந்து தொடங்கு. 2008இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது அது. நீ படம் போட்டால், பூச்சியை அறிந்த எவரும் பெயர் சொல்லலாம். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால்தான் அடையாளம் உறுதியாகும். அங்கே பிழை திருத்துவது அன்றாட வேலை. யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல மனிதரை எப்படி அறிவது என்று கேட்பாய். பெயரை மட்டும் சொல்லாமல், எதை வைத்துச் சொன்னார் என்பதையும் எழுதுவார். தெளிவில்லை என்றால் "பக்கவாட்டில் ஒரு படம் கிடைக்குமா?" என்று கேட்பார்.

நீயும் அவர்களுக்குக் கைகொடு. மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், முகம் தெரிய ஒன்று. பூச்சி உட்கார்ந்திருந்த இலையையும் எடு. எங்கே, எந்த மாதம், பகலா இரவா என்று குறிப்பு எழுது. வீட்டு வாசலில் எடுத்ததென்றால் சரியான இடத்தைக் காட்டாதே. இடத்தை மங்கலாக்கும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்து. தனியாகச் சந்திக்கக் கூப்பிடுகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அம்மாவிடம் சொல்லிவிடு.

தோட்டத்துப் பூச்சியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதே. உன் பாட்டி காலத்தில் செம்பனைப் பூவுக்கு ஆட்களே மகரந்தம் தூவினார்கள். கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து 1981இல் மலேசியத் தோட்டங்களில் விட்ட பிறகு அந்த வேலையை வண்டு பார்த்துக்கொண்டது. ஆண் பூக்குலையின் அருகே போய்ப் பார், கறுப்பாக மொய்த்துக்கொண்டிருக்கும். தோட்டப் பாதையோரம் பூச்செடிகளை நட்டு வைத்திருக்கிறார்களே, அவை அழகுக்கு மட்டுமல்ல. ஓலையைத் தின்னும் பைப்புழுக்களைக் கொல்லும் குளவிகளும் மற்றப் பூச்சிகளும் தேன் குடிக்க அங்கே வரும். இவற்றைப் பள்ளிக்குப் போகும் வழியிலேயே பார்க்கிற உன்னைப்போன்ற ஒருத்தியின் படம், அமெரிக்காவிலோ இலண்டனிலோ உட்கார்ந்து இவற்றை ஆராய்கிறவருக்குப் பெரிய உதவி.

பதில் உடனே வராமல் போகலாம். சில படங்களுக்கு மாதக்கணக்கில் வராது. அதற்காகச் சோர்ந்துவிடாதே. சிலவற்றின் பெயர் உனக்கே பழகிவிடும். அப்போது புதிதாக வந்த யாராவது, உனக்கு மிகச் சாதாரணமாகத் தெரியும் ஒரு தட்டானைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பார். பெயரைச் சொல், எப்படிக் கண்டுகொண்டாய் என்பதையும் சொல், படம் நன்றாக இருந்தால் அதையும் வாய்விட்டுப் பாராட்டு.

அன்புடன்,
மாமா