பார்த்தால் மட்டும் போதுமா?

குரூப் 4 தேர்வுக்குப் போனிலேயே படிக்கிறீங்களா? வீடியோ பாடம், பி.டி.எஃப். எல்லாம் ஒருவழிப் பாதை. புதுப் பாடத்தை முதலில் புரிந்துகொள்ள அது நல்ல வழிதான். ஆனால் வீடியோ பார்க்கும்போது "புரிஞ்சிடுச்சு" என்று தோன்றுவது வேறு, தேர்வு அறையில் ஞாபகம் வருவது வேறு.

அங்கே 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒன்றுக்கு 54 விநாடிதான். அதற்குப் பழக, சரியா தவறா என்று உடனே காட்டும் ஆன்லைன் மாதிரித் தேர்வு வேணும். சந்தேகம் தீரவில்லையா? கேள்வி கேட்க முடிகிற நேரலை வகுப்பைத் தேர்ந்தெடுங்க.

டேட்டா குறைவா? வைஃபை கிடைக்கும்போது வீடியோவை டவுன்லோடு செய்துகொள்ளுங்க. 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதைப் பார்க்காமல் எழுதுங்க. முந்தைய வினாத்தாள்கள் டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.