கோழிக்குச் சீக்கு வந்தால்



கோடையில் நம் வீட்டுக் கோழிகளை அதிகம் தாக்குவது வெள்ளைக்கழிச்சல். 1927-இல் இமயமலை ஊரான ராணிக்கேத்தில் இனங்காணப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்றும் பெயர். இறகைத் தொங்கவிட்டு உறங்குதல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், கழுத்துத் திருகுதல் ஆகியவை அடையாளங்கள்.

இது வைரஸ் நோய். குணமாக்கும் மருந்து இல்லை. சீக்குக் கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நிழலும் தண்ணீரும் கொடுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, இதைக் கடைசியில் கவனித்து, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வேறு நோய்களுக்கும் இதே அடையாளம் உண்டு. ஆகவே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள மருந்தகத்திலோ காட்டுங்கள்.

தடுப்பே காப்பு. குஞ்சுக்கு 7-ஆம் நாள் சொட்டு மருந்து. 8-ஆம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி.

சீக்கை மறைத்து விற்பது ஹராம். நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நினைவில் கொள்வோம். நமக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். வாங்கியவர் ஏழையானால், அவர் முட்டை விற்றுப் பிழைக்கும் கோழிகள் அத்தனையும் போய்விடும்.

தானாகச் செத்ததை உண்ணக் கூடாது. தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ எறியாமல், சுண்ணாம்பிட்டு ஆழமாகப் புதையுங்கள்.

வாயில்லா உயிருக்குத் தண்ணீர் வைப்பதற்கும் நன்மை உண்டு.