கைமாறும் இடத்தில் கண் வையுங்கள்

மாத்தளையிலிருந்து மிளகு, கராம்பு, சாதிக்காய் அனுப்பும் தொழிலில் நீண்ட காலமாக இருக்கிறேன். இறத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டங்களின் சரக்கு எங்கள் களஞ்சியத்துக்கு வந்து, லொறியில் கொழும்புக்குப் போய், கொள்கலனில் கப்பல் ஏறுகிறது. அவசரமான சிறு பொதிகள் கட்டுநாயக்கவில் விமானம் ஏறும். மறுகரையில் மீண்டும் லொறியோ ரயிலோ காத்திருக்கும். இப்படி ஒரே சரக்கு பல வாகனம் மாறிப் போகும் தொழிலில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஓடும் வழியில் கெடுவதைவிட, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான் சரக்கு அதிகம் கெடுகிறது. அங்கே கெட்டால் பொறுப்பேற்கவும் எவரும் முன்வருவதில்லை. ஆகவே கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் என்ன செய்யவேண்டும் என்று, தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

ஈரத்தை வாசலிலேயே நிறுத்துங்கள்

மிளகுக்கு ஈரப்பதன் 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வெயிலில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கையால் தடவிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். மீற்றர் வைத்து, மூட்டைக்கு மூட்டை அளந்து, திகதியோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கொழும்பின் சூட்டில் பூட்டப்படும் கொள்கலன் ஐரோப்பியக் குளிருக்குள் நுழையும்போது, உள்ளே இருக்கும் ஈரம் கூரைத் தகட்டில் நீர்த்துளியாகி மூட்டைமேல் சொட்டும். பூஞ்சணம் அங்கிருந்துதான் தொடங்கும். மிளகுக்கும் சாதிக்காய்க்கும் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும், பூஞ்சண நச்சான அஃப்லாடொக்சினின் மொத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான். அதைத் தாண்டினால் சரக்கு துறைமுகத்திலேயே மறுக்கப்படலாம்.

கொள்கலனை ஏற்குமுன் ஒருவர் உள்ளே நின்று கதவை முழுதாக மூடச் சொல்லுங்கள். எங்கேனும் வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழை இறங்கும். அந்தக் கொள்கலன் வேண்டாம். தரையில் எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பக்கச் சுவர்களுக்குத் தடித்த கடதாசி விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். மரத்தட்டு வைத்தால் அது வெப்பமூட்டி முத்திரையிட்டதாக இருக்கவேண்டும். முத்திரையில்லாத மரத்தால் முழுச் சரக்கும் தடைப்படலாம்.

வீதிக்கு ஒரு நாள் விடுங்கள்

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். தோட்டப் பொருளைக் கொழும்புக்கு இறக்கத்தான் பாதை போட்டார்கள். இன்று எங்கள் சரக்கு முழுவதும் வீதியை நம்பியே இருக்கிறது. கண்டி வழியாகக் கடுகண்ணாவை இறக்கம் ஒரு பாதை. கலேவெல பக்கமாகக் குருநாகலைத் தொட்டுப் போவது இன்னொன்று. இரண்டையும் சாரதி அறிந்திருக்கவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், மலையகத்தின் வீதியும் ரயில் பாதையும் ஒரே நேரத்தில் அறுந்துபோகலாம் என்பதைக் காட்டிச் சென்றது. ஆண்டின் கடைசி மாதங்களில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் நான் லொறி அனுப்புவதில்லை. மஞ்சள் என்றால் மாற்றுப் பாதையை விசாரித்து வைப்பேன். செம்மஞ்சள் என்றால் லொறி நிற்கும். கப்பல் ஒன்று தவறினால் அடுத்தது வரும். சாரதியின் உயிர் அப்படியல்ல.

நாட்காட்டியையும் பாருங்கள். மாசிமகத்தன்று முத்துமாரியம்மன் தேர்கள் வீதிக்கு வரும்போது நகரத்துக்குள் லொறி நகராது. கண்டி எசல பெரஹரா நாட்களும் அப்படியே. துறைமுகம் சரக்கு ஏற்கும் கடைசி நேரத்துக்கு ஒரு முழு நாள் முன்னதாகக் கொழும்பில் இருக்கும்படி புறப்படுங்கள்.

சீல், படம், கையொப்பம்

ஒரு முறை கொழும்புக் களஞ்சியம் ஒன்றில் மாலையில் இறக்கிய மூட்டைகள் இரவு மழையில் வெளியே கிடந்தன. வரும்போதே நனைந்திருந்தது என்று மறுநாள் சொன்னார்கள். இறக்கியபோது எடுத்த படங்களும், நல்ல நிலையில் பெற்றோம் என்று அவர்கள் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டும் எங்களிடம் இருந்தன. பேச்சு அத்தோடு முடிந்து, நட்டத்தை அவர்களே ஏற்றார்கள்.

அதனால் ஒவ்வோர் இறக்கத்திலும் நான்கு விடயங்கள்: மூட்டை எண்ணிக்கை, எடை, நிலை, நேரம். சீல் எண்ணைப் படம் எடுத்து, கப்பல் ஆவணத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காத கொள்கலனைக் கப்பலில் ஏற்றுவதில்லை. எடையை ஊகித்து எழுதாதீர்கள். சேதம் கண்டால் உடனே எழுத்தில் அறிவியுங்கள். கடல் சரக்கில், வெளிப்படையாகத் தெரியாத சேதத்துக்கு ஹேக் விதிகள் தரும் அவகாசம் 3 நாள். வழக்குத் தொடர ஓராண்டு. மொன்ட்றியல் உடன்படிக்கைக்கு உட்பட்ட விமானச் சரக்கில் சேதத்தை அறிவிக்க 14 நாள்.

விலை பேசும்போதே பொறுப்பையும் பேசுங்கள்

எங்கள் பக்கத்தில் பலரும் பழக்கத்தில் எஃப்.ஓ.பி. என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அதில் சரக்கு கப்பலில் ஏறும்வரை நட்டம் விற்பவருடையது. ஆனால் கொள்கலனை நாம் முனையத்தில் ஒப்படைத்த பிறகு அது நாட்கணக்கில் அங்கே நிற்கலாம். அந்த நாட்களில் அதன்மேல் நமக்கு எந்தப் பிடியும் இல்லை. கொள்கலன் சரக்குக்கு எஃப்.சி.ஏ. என்று எழுதுவதே பொருத்தம். ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு கைமாறும். சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் பரிந்துரையும் அதுவே.

காப்புறுதியை வாசித்து வாங்குங்கள்

விற்பவரே கப்பல் கட்டணமும் காப்புறுதியும் கட்டும் சி.ஐ.எஃப். ஒப்பந்தம் கேட்பது ஆகக் குறைந்த ‘சி’ வகைக் காப்புறுதி. தீ, மூழ்குதல், லொறி கவிழ்தல் போன்றவை அதில் அடங்கும். களவும் மழை நனைவும் அடங்கா. மசாலாப் பொருளுக்கு ‘ஏ’ வகை எடுங்கள். போர், வேலைநிறுத்தம் இரண்டையும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மாத்தளைக் களஞ்சியத்திலிருந்து வாங்குபவரின் களஞ்சியம்வரை செல்லுபடியாகுமா என்று எழுத்தில் கேளுங்கள். ‘ஏ’ வகையும் தாமதத்துக்கும், சரக்கின் இயல்பால் வரும் கேட்டுக்கும் பணம் தராது. ஈரத்தோடு அனுப்பினீர்கள் என்று காப்புறுதிக்காரர் சொன்னால், முன்சொன்ன அந்த ஈரப்பதன் பதிவேடுதான் உங்கள் சாட்சி.

நம் சரக்கில் குறையே இல்லாவிட்டாலும் நட்டம் வரலாம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலன் ஒன்று ஏற்கெனவே பிரச்சினையாக இருந்தது. 2024 மார்ச் 26இல் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பல் கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. பின்னர் அதன் உரிமையாளர்கள் பொது இழப்புப் பகிர்வை அறிவித்தார்கள். அதாவது கப்பலைக் காக்க ஆன செலவில் சரக்குக்காரர் ஒவ்வொருவரும் பங்கு கொடுக்கவேண்டும். காப்புறுதி இல்லாதவர் பணம் கட்டித்தான் தன் சரக்கையே மீட்கமுடியும்.

2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின், ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. தாமதத்துக்குக் காப்புறுதி இல்லை என்பதால், ஒப்பந்தத்தில் போய்ச் சேரும் திகதியை உறுதியாகக் கொடுக்காமல், கப்பலேறும் திகதியை மட்டும் கொடுங்கள்.

சிறிய ஏற்றுமதியாளர் நண்பர்களே, இதில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. ஈரப்பதன் மீற்றர், கைபேசி, ஒரு கொப்பி போதும். அடுத்த லொறி புறப்படுமுன், உங்கள் சரக்கு எத்தனை இடத்தில் கைமாறுகிறது, அங்கே யார் ஒப்பமிடவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சாரதியின் கையிலும் ஒன்று கொடுங்கள். தோட்டத்தில் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் உழைத்த மிளகு அது. வாங்குபவர் கைக்குக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கடமை.