நுரையீரலோடு நின்றுவிடாதீர்கள்

அன்புள்ள இளம் நோயியல் மருத்துவருக்கு,

கடும் வைரஸ் நிமோனியாவில் இறந்தவரின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு வந்தால் கை முதலில் நுரையீரலைத்தான் தேடும். மூச்சு நின்றது அங்கே என்பதால் அது இயல்புதான். ஆனால் அத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிடாதீர்கள். மண்ணீரலையும் மார்பிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் அதே கவனத்தோடு அறுத்துப் பாருங்கள். இத்தகைய தொற்று முற்றும்போது, எதிர்த்துப் போராட வேண்டிய உறுப்புகளே குலைந்துபோகின்றன. இந்தச் சேதத்தை நுரையீரல் நோயின் பின்குறிப்பாக எழுதிவிட்டு நகர்வது பிழை என்பது என் உறுதியான எண்ணம்.

2003-இல் சார்ஸ் நோயால் இறந்தவர்களிடம் மண்ணீரலின் வெண்கூழ் சுருங்கியிருந்ததையும், நிணநீர் முடிச்சுகளில் லிம்ஃபோசைட்டுகள் அருகிப்போயிருந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2020-இல் கோவிட் அதே காட்சியை மீண்டும் காட்டியது. அந்த ஆண்டு ‘செல்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, கோவிட்டால் இறந்த 11 பேரின் உறுப்புகளை வேறு காரணங்களால் இறந்தவர்களுடையவற்றோடு ஒப்பிட்டது. கோவிட்டால் இறந்தவர்களிடம் முளைமையங்கள் இல்லை. பி அணுக்கள் தம் எதிர்பொருளைத் தீட்டித் தீட்டிக் கூர்மையாக்குவதும், நீண்ட கால நினைவைப் பெறுவதும் பெரும்பாலும் அந்த மையங்களில்தான். அவற்றுக்குத் துணை நிற்கும் ஒரு வகை டி அணுக்களும் அங்கே வளரவில்லை. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதமோ மிகுந்து கிடந்தது. ‘லிம்ஃபோசைட் குறைவு’ என்று ரத்த அறிக்கையில் ஒற்றை எண்ணாக நிற்பதன் பின்னால் இப்படியொரு சிதைவும் இருக்கலாம்.

ஸ்டீராய்டு மருந்தே லிம்ஃபோசைட்டுகளைக் குறைக்கும், பழியை ஏன் நோய்மீது போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2020 ஜனவரியில் வூகானிலிருந்து வெளியான தொடக்க அறிக்கை ஒன்றில், 41 நோயாளிகளில் 26 பேருக்கு மருத்துவமனையில் சேர்ந்தபோதே அந்த எண்ணிக்கை குறைந்திருந்தது. மருந்து பின்னால் சேதத்தைக் கூட்டியிருக்கலாம், அதைத் தொடங்கி வைத்தது மருந்து என்று சொல்ல முடியாது. செப்சிஸில் இறப்பவர்களின் மண்ணீரலும் இப்படித்தானே வெறுமையாகிறது என்பது அடுத்த மறுப்பு. இதை நான் ஏற்கிறேன். கோவிட்டில் சேதத்தின் பெரும்பங்கு உடல் மூட்டிய அழற்சித் தீயிலிருந்து வருவதாகவே தோன்றுகிறது. அதனால் சேதம் சிறியதாகிவிடாது. பாக்டீரியாவோ பூஞ்சையோ அடுத்து நுழைய அந்த வெறுமையே இடம் கொடுக்கும்.

தட்டம்மையின் வழி வேறு. மூச்சு வழியே நுழையும் அந்த வைரஸ், லிம்ஃபோசைட்டின் மேலுள்ள ஏற்பியைப் பற்றிக்கொண்டு நேரே அதனுள்ளேயே புகுகிறது. தட்டம்மை கண்ட குழந்தைகளிடம் காசநோய்த் தோல் பரிசோதனை சில காலம் பொய்த்துப்போவதை வியன்னா மருத்துவர் பிர்கே 1908-லேயே கவனித்தார். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பு சேர்த்த எதிர்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மைக்குப் பின் அவர்கள் இழந்திருந்தார்கள். ஆகவே எல்லா வைரஸையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். எது அணுவுக்குள் புகுந்து அழித்தது, எது அழற்சியால் அழித்தது என்று பிரித்து எழுதுங்கள்.

மிகைப்படுத்தலும் வேண்டாம். சளி, காய்ச்சலோடு தேறியவரிடம் உங்கள் எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது என்று சொல்வது அநியாயம். கோவிட்டிலிருந்து மீண்ட பெரும்பாலானோரிடம் நினைவு பி அணுக்கள் மாதக்கணக்கில் நிலைத்திருந்தன. நான் பேசுவது கடும் நோயைப் பற்றி மட்டும். இறந்தபின் மண்ணீரல் சீக்கிரம் குழைந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நிணநீர் முடிச்சையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறேன்.

அடுத்த முறை மண்ணீரலின் எடையைக் குறியுங்கள், வெண்கூழ் எப்படி இருந்தது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். வார்டில் இருக்கும் மருத்துவருக்கு அந்த வரி போய்ச் சேரட்டும்.

அன்புடன்.