பாம்பு வளர்க்க விரும்பும் வீட்டாருக்குச் சில பாடங்கள்



சில காலமாக நம் சங்கக் குடும்பங்களிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பையன் பாம்பு வளர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?" சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். மறையூர், மூணாற்றுப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். பாலக்காடு, இடுக்கி இரண்டு மாவட்டங்களின் எல்லைப் பகுதியிலும் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், நான் அறிந்தவற்றை ஒரு பாடமாக எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டுக்கொண்டார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தால் மகிழ்வேன்.

1. எந்தப் பாம்பு?

முதலில் சட்டம். நம் வயலிலும் காட்டிலும் திரியும் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. நம் ஊர் மலைப்பாம்பு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அந்த அட்டவணைப் பிராணியைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மண்ணுளிப் பாம்பின் வால் மொட்டையாகத் தலை போலவே இருப்பதால் அதை 'இருதலைப் பாம்பு' என்றும், வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்றும் சொல்லி விற்பவர்கள் எல்லையின் இரு பக்கமும் உண்டு. அதற்கு இருப்பது ஒரே தலைதான். அதை வாங்கினவருக்குச் செல்வம் வராது, வழக்குத்தான் வரும்.

கடைக்காரர்கள் 'பால் பைத்தான்' என்று சொல்வது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறு மலைப்பாம்பு. அஞ்சினால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர் வந்தது. இத்தகைய வெளிநாட்டுப் பிராணிகளையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024இல் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையத்தளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ரசீது தராதவரிடம் வாங்கவே வேண்டாம்.

2. மறைத்து வளர்த்தால் வைத்தியம் இல்லை

"இத்தனை சட்டம் எதற்கு? நோய் வந்தால் பார்த்துக்கொள்ளலாமே" என்பார்கள் சிலர். சென்ற குளிர்காலத்தில் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து ஒரு குடும்பத்தார் என்னைத் தேடி வந்தார்கள். காகிதம் எதுவும் இல்லாமல் தெரிந்தவர் மூலம் வாங்கிய பாம்பு. இரண்டு மாதமாக இரை எடுக்கவில்லை. டாக்டரிடம் கொண்டுபோனால் கேள்வி கேட்பார்களே என்று பயந்து, துணியைச் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்கள். அவர்கள் வந்தபோது அது தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, குமிழ் குமிழாகச் சளியோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். மறுநாள் இறந்துவிட்டது. "முதலிலேயே கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருக்குமா மாமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றே சொன்னேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். மாடு கத்தும், நாய் முனகும். பாம்புக்குக் குரலில்லை. வலி வந்தாலும் சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும். அதை வளர்ப்பவரும் மறைத்து வைத்தால் அதன் நோயைச் சொல்ல உலகில் யாருமில்லை. வெளிப்படையாக வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கவே கூடாது.

3. சூடுதான் அதற்கு உயிர்

பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றுப்புறத்திலிருந்துதான் பெறுகிறது. இரை செரிப்பதும் நோயை எதிர்ப்பதும் அந்தச் சூட்டினால்தான். மேலே சொன்ன ஆப்பிரிக்கப் பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26 டிகிரியும் இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தில் அது படுத்துக்கொள்ளும்.

நம் இரு மாவட்டங்களையும் இதோடு பொருத்திப் பாருங்கள். மூணாற்றில் தை மாதத்தில் உறைபனி விழுவதுண்டு. அங்கே சூடேற்றி இல்லாத பெட்டியில் பாம்பு தின்ற எலி வயிற்றிலேயே அழுகும். பிறகு கக்கிவிடும். பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே ஜன்னலோரம் வைத்த கண்ணாடிப் பெட்டி ஒரே பகலில் பாம்பைக் கொன்றுவிடும். ஆகவே இரு பக்கமும் இரண்டு வெப்பமானி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ஒளிந்துகொள்ள இரு இடம், உடம்பு நனையும் அளவு தண்ணீர்த் தட்டு இவை கட்டாயம். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் வாங்கும் முன்பே யோசியுங்கள்.

4. இரை

பாம்பு பால் குடித்து வாழும் பிராணி அல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பின் வாயில் பாலை ஊற்றினால் அது செரிக்காது. மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. புற்றைக் கும்பிடும் நம் பக்திக்கு இதனால் குறைவில்லை. கும்பிட்டுவிட்டு வரலாம், பால் வார்க்க வேண்டாம்.

பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ, அவ்வளவு பருமனுள்ள எலி போதும். குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். உயிருள்ள எலியை விட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும். எனவே கொன்ற எலியையே கொடுக்க வேண்டும். இரை எடுத்த பின் இரண்டு நாள் தூக்கக் கூடாது.

5. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாரித்து மங்கும். அது நோயல்ல. சட்டை ஒரே துண்டாகக் கழன்றால் நலம். துண்டு துண்டாக உரிந்தால் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். கண்மேல் ஒட்டியிருக்கும் தோலை நகத்தால் பிய்க்காதீர்கள், பார்வை போய்விடும். தண்ணீர்த் தட்டில் மிளகுத் தூள் போலக் கறுப்புப் புள்ளி மிதந்தால் அது செள்ளு. ஈறு சிவந்து சீழ் கட்டுவது, வாய் திறந்து மூச்சு விடுவது, மெலிந்துகொண்டே போவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பக்கத்து கால்நடை மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஆடு மாடுகளையே பார்ப்பார்கள். மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நலமான பாம்பின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது கடும் வயிற்றுப்போக்கைத் தரும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்த் தட்டைச் சமையலறையில் கழுவக் கூடாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடவே வேண்டாம்.

6. இருளர்களிடம் கற்க வேண்டியது

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்கு அங்கிருந்து விஷம் போகிறது. வனத்துறை அனுமதியோடு பிடித்துவரும் பாம்பை எடை போட்டுப் பதிவு செய்கிறார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் இடுகிறார்கள். சில வாரம் மண்பானையில் வைத்து விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சில வாரமே வைத்திருக்கும் பாம்புக்கு அவர்கள் கணக்கு எழுதுகிறார்கள். 20, 30 ஆண்டு வாழக்கூடிய பிராணியை வைத்திருக்கும் நாம் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டாமா? இரை எடுத்த நாள், எடை, சட்டை உரித்த நாள், எச்சம் போட்ட நாள் இந்த நான்கையும் எழுதி வாருங்கள். குரலில்லாத பிராணிக்கு அந்த நோட்டே குரல்.

7. சலித்துப் போனால்?

காட்டில் விட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டில் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. அவற்றோடு வந்த ஒரு நுரையீரல் ஒட்டுண்ணி அந்த ஊர்ப் பாம்புகளையும் பீடிக்கிறது. ஆனைமலை, மூணாறு மலைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத பாம்பினங்கள் வாழ்கின்றன. நம் பெட்டியிலிருந்து போகும் நோய்க்கு அவை பலியாகக் கூடாது. வளர்க்க முடியாதபோது வனத்துறைக்குத் தெரிவியுங்கள். நாட்டுப் பாம்பு வீட்டுக்குள் வந்தாலும் அடிக்காமல், பிடிக்காமல், கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலி மூலம் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

பிள்ளைகளோடு பேச நான்கு கேள்விகள்:

அ) நம் வீட்டில் பனிக்காலத்திலும் கோடையிலும் எத்தனை டிகிரி இருக்கிறது?
ஆ) நம் பாம்புக்கு ரசீதும் பதிவும் கிடைக்குமா?
இ) அதைப் பார்க்கும் மருத்துவர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார்?
ஈ) மேற்படிப்புக்கு வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

நான்குக்கும் நேரான விடை இருந்தால் வாங்குங்கள். ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும், வரப்பில் போகும் சாரையைத் தள்ளி நின்று பார்த்து மகிழுங்கள். அதற்குப் பதிவும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.