முழங்கால் வலியும் கேதார்நாத்தும்

எழுபது வயது அம்மாவை கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டரில் கூட்டிப்போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, கும்பகோணம்

உத்தரகண்ட் அரசின் யாத்திரைப் பதிவிலிருந்து. அதை முடித்துவிட்டு, ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் டிக்கெட் எடுங்கள். வாட்ஸ்அப்பில் டிக்கெட் தருவதாக அந்தக் கேதாரநாதரே வந்தாலும் பணம் அனுப்பாதீர்கள்! குப்தகாசி, ஃபாட்டா, சிர்சி மூன்று இடங்களிலிருந்தும் பறக்கிறார்கள். பயணம் சில நிமிடம்தான். மலையில் மதியத்துக்கு மேல் மேகம் மூடும், அதனால் காலை நேரமே நல்லது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம்.

கோயில் இருப்பது 3,500 மீட்டருக்கு மேலே. சட்டென்று அவ்வளவு உயரம் போனால் மூச்சு வாங்கும். முதல் நாள் இரவு குப்தகாசியில் தங்கி, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அம்மாவை ஏற்றுங்கள். இறங்குதளத்திலிருந்து கோயிலுக்குக் கொஞ்சம் நடை உண்டு, கைத்தடி எடுத்துப்போங்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டை மட்டும் இரண்டு நாள் தள்ளியே போடுங்கள்.